வைப்பர், வேகம் இரண்டு

வெயிலை இங்கே சுவிட்ச் போட்டு வரவழைக்கிறார்கள். வெளியே ஒரகடம் ரோட்டில் அது இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பத்து நிமிஷத்தில் உச்சி மண்டை வெந்துவிடுகிறது, அதிலேயே காரை நிறுத்திப் பார்த்தால் ஆகாதா என்று இந்தக் கார் கம்பெனியில் சேர்ந்த புதிதில் கேட்டேன், சோதனை பார்க்கிற பிரசன்னா சார் சிரித்தார். அந்த வெயிலுக்கு நடுவில் மேகம் வருமாம், காற்று வருமாம், ஒரு நிதானத்தில் நிற்காதாம். இது அளந்து ஊற்றுகிற வெயில். கூரையில் இருபத்து நாலு விளக்கு, கீழே ஒரு எலக்ட்ரிக் கார், கதவைச் சாத்தி இரண்டு மணி நேரம் வற்றல் மாதிரி அது காய்ந்த பிறகு நான் போய் டிரைவர் சீட்டில் உட்கார வேண்டும். இருபது நிமிஷம். அதற்கு மேல் ஆளை உள்ளே வைக்கக் கூடாதாம், மனுஷியையும் அளந்துதான் காய வைக்கிறார்கள். இந்தக் காரில் திருகவோ அமுக்கவோ ஒன்றும் கிடையாது. ஏசி, லைட்டு, வைப்பர், பாட்டு, எல்லாம் நடுவில் தாம்பாளம் அளவுக்கு இருக்கிற ஸ்கிரீனுக்குள்ளே. காய்ந்த ஸ்கிரீன் தொட்டால் கேட்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து பிரசன்னா சார் மைக்கில் ஒவ்வொன்றாகச் சொல்வார், நான் தொடுவேன், வேலை செய்தால் ‘சரி’ என்பேன். கேட்காவிட்டால் மறுபடி தொடலாம், மூன்று முறை வரைக்கும் அனுமதி, மூன்றிலும் கேட்காவிட்டால் ‘இல்லை’. முப்பத்தெட்டு தொடல், முப்பத்தெட்டு சரி, கடைசியில் தாளில் ஒரு ‘அ’. அஞ்சலாட்சி என்று முழுசாக எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. மூன்று வருஷத்தில் இந்த மாடலுக்கு நான் ‘இல்லை’ சொன்னதே கிடையாது. மற்ற ஷிப்டுப் பெண்கள் சில நாள் சொல்வார்கள், உடனே மறுநாள் என்னை உட்கார வைப்பார்கள், நான் தொட்டால் வேலை செய்யும், அந்த ‘இல்லை’யை அடித்துவிட்டு என் ‘சரி’யைப் போடுவார்கள். கைராசிக்காரி என்று பெயர். ஆயுத பூஜைக்கு அந்த அறைக் கதவில் என்னைத்தான் பொட்டு வைக்கச் சொன்னார்கள், நானும் பெருமையாக வைத்தேன்.

இன்றைக்கு அந்த ராசிக் கையில் பிளாஸ்திரி. காலையில் மாங்காய் நறுக்கும்போது அரிவாள்மணை ஆள்காட்டி விரல் நுனியைச் சீவிவிட்டது. தப்பு அரிவாள்மணையின் மேல் இல்லை, நான் அதைப் பார்க்காமல் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்து ஏழு வாரம் ஆகிறது, இன்னும் டம்ளரைப் பிடித்தால் நடுங்குகிறது, அதனால் எல்லாம் இடது கை. பதினாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்த ஆள் ஒரு வெங்காயத்தோடு அப்படிப் போராடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, குடுங்க என்று கேட்கவும் வாய் வரவில்லை. வீட்டில் இப்போது வாய் எதற்குமே வருவதில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் அவர் எழுந்து போய் பிளாஸ்திரி எடுத்து வந்து பல்லால் கடித்துப் பிரித்துச் சுற்றிவிட்டார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். இங்கே வந்து காரின் கதவைத் திறந்து உட்கார்ந்ததும் அந்த வாடை, சூடான பிளாஸ்டிக்கும் பசையும், தொண்டையில் ஒட்டுகிற மாதிரி. கம்பத்தில் இருக்கிற எண் பலகையில் காருக்குள்ளே நாற்பத்தாறு டிகிரி, ஸ்கிரீன் மேல் எழுபத்தொன்று. ஆரம்பிக்கலாமா என்றார் பிரசன்னா சார். இன்று சீக்கிரம் முடிக்க வேண்டுமாம். வெயிலில் ஸ்கிரீன் உறைந்துபோகிறது என்று நிறையப் புகார் வந்திருக்கிறது, மேலே இருக்கிறவர்கள் மறுபடி ஒரு முறை பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், இன்று சரி வந்துவிட்டால் புகாரையெல்லாம் மூடிவிடலாம். அதற்காகத்தான் உங்களை உட்கார வைத்தேன் என்றார், மனுஷன் மரியாதைக்காகத்தான் சொன்னார். மூடப்போகிற புகார்களில் முனிரத்தினம் என்கிற பெயரில் ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அது என் வீட்டுக்காரர் என்றும் தெரியாது.

தாளில் உள்ளபடி மைக் வாசித்தது, ஏசி போடு. எப்போதும் உடம்பைத் திருப்பி வலது கையால்தான் தொடுவேன், பிளாஸ்திரி விரல் உதவாது என்று இன்று இடது கையை நீட்டினேன். முதல் தொடலில் கேட்கவில்லை, இரண்டாவதில் கேட்டது. சரி. ஏசி காற்று எந்தப் பக்கம். மூன்றாவதில்தான். சரி. இந்தக் கைக்கு ராசி இல்லை என்று சிரிப்பு வந்தது, சிரித்தால் உதட்டு வியர்வை வாய்க்குள் போகிறது. சூடு எப்போதும் முதலில் காதில்தான் ஏறும், பிறகு இமைக்குள். பத்தாவது நிமிஷத்தில் யோசனையெல்லாம் கூழாகிவிடும், அதுகூட ஒருவிதத்தில் நல்லது, வீட்டு விஷயம் எதுவும் முழுசாக நிற்காது. இன்றைக்கு நிற்கிறது. சீட்டைத் தள்ளு, சரி, கண்ணாடியை மடக்கு, சரி. இதே மாடல் கார்தான் அவர் ஓட்டியது. கேப் கம்பெனிக்காரர்கள் ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்க நாற்பது கார் எடுத்தார்கள், எங்கள் கம்பெனியில் செய்த கார், சாவி கையில் வந்த அன்று அவர் என்னை உட்கார வைத்து வாலாஜாபாத் வரைக்கும் ஒரு சுற்று சுற்றி வந்தார், இதுல எதை எதையெல்லாம் நீ தொட்டிருப்பே என்று கேட்டார், நான் எல்லாத்தையும் என்றேன். அப்புறம் கோடை வந்ததும் ஆரம்பித்தார், வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் இந்த ஸ்கிரீன் மதிக்கிறதே இல்லை, நாலு தடவை தொட்டால் ஒரு தடவை கேட்கிறது என்று. உங்களுக்குத் தொடத் தெரியல என்றேன். எனக்குக் கேட்கிறதே, உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும், லாரி கியர் போடுகிற மாதிரி குத்தினால் எது கேட்கும் என்று கிண்டல் செய்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பாட்டுச் சத்தம் கூட்டு. இரண்டாவதில். சரி. அன்றைக்கு ஏப்ரல் மாதக் கடைசி, பகல் பூராவும் கார் வெட்டவெளியில் நின்றிருக்கிறது, சாயங்காலம் மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு வண்டலூர் ரோட்டில் வரும்போது கோடை மழை, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டுகிற மழை. வைப்பர் மெல்ல ஓடிக்கொண்டிருந்ததாம், வேகத்தைக் கூட்ட வேண்டும், அது ஸ்கிரீனுக்குள்ளே இருக்கிறது, தொட்டிருக்கிறார், கேட்கவில்லை, முன் கண்ணாடி முழுக்கத் தண்ணீர், பின்னால் லாரி ஆரன் அடிக்கிறான், பிரேக் போட்டால் அவன் வந்து ஏறுவான், ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் ஸ்கிரீனிலும் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி தொட்டிருக்கிறார், நடுத்திட்டில் போய் மோதியது. பின் சீட்டுப் பெண் ஒருத்திக்கு நெற்றியில் ஆறு தையல். அவருக்கு மணிக்கட்டு. மயக்கம் தெளிந்து ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, பதினோரு வாட்டி தொட்டேன் அஞ்சலா. அடிபட்டுக் கிடக்கிற ஆள் எண்ணிக்கை சொல்கிறதே என்று நான் நம்பவில்லை. சாகப்போகிற நேரத்தில் யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? விசாரணையில் அதையே சொல்லியிருக்கிறார். கேப் கம்பெனி மேனேஜர் எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு தாளை வரவழைத்து மேஜையில் போட்டிருக்கிறார், இதைப் பார்யா, எழுபத்தொரு டிகிரியில் வைப்பர் சரி என்று எழுதிக் கையெழுத்தே இருக்கிறது, நீ போனை நோண்டிக்கொண்டு போயிருப்பாய் என்று. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து, தாள்ல யாரோ சரின்னு போட்டிருக்காங்க என்றார். நான் அடுப்படியிலிருந்து, அப்ப சரியாத்தான் இருக்கும் என்றேன். வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் எழுந்து போய்க் கால் கழுவினார்.

யாரோ. அந்த ஒரு சொல்லைத்தான் ஐந்து வாரமாகச் சவைத்துக்கொண்டிருக்கிறேன். வண்டிக்கு வாங்க வேண்டிய சாமான், மளிகை, வீட்டில் எல்லாச் சீட்டும் நான் எழுதுவதுதான். என் ‘அ’வுக்கு வால் நீளம், கட்டத்துக்கு வெளியே போகும், பள்ளிக்கூடத்திலேயே டீச்சர் குட்டுவாள். அதைப் பார்த்து அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் யாரோ என்றார். அங்கே மேஜையில் அத்தனை பேர் முன்னால் இது என் பொண்டாட்டி கையெழுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலையைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள், சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், நானும் கத்தியிருப்பேன், நான் தொட்டேன் கேட்டுச்சு, நான் பொய் போடல, என் விரலை நான் நம்பாம யார் நம்புவா என்று. அவர் யாரோ என்று சொல்லி அந்தச் சண்டையையும் எனக்குத் தராமல் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை கடைசி விசாரணை. இன்றைக்குச் சரி வந்தால் அந்தத் தாளும் அங்கே போகும், அதோடு அவர் இனி எந்த கேப் கம்பெனியிலும் ஏற முடியாது, ஆள்மேல் கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள். எனக்கு இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, பேட்ஜைப் புதுப்பிக்கிறதும் விடுகிறதும் இவர்கள் இஷ்டம். ஸ்டியரிங்கை உயர்த்து, சரி. உள் விளக்கு, மூன்றாவதில், சரி. கண் எரிகிறது. தூங்க வேண்டும் போல இருக்கிறது, இந்தச் சூட்டிலேயே, இந்த வாடையிலேயே, சீட்டைச் சாய்த்துக்கொண்டு.

வைப்பர், வேகம் இரண்டு என்றார் பிரசன்னா சார். தொட்டேன். கேட்கவில்லை. மறுபடி. மூன்றாவது. விரல் நுனி சுடுகிறது, ஆனால் ஸ்கிரீனுக்கு நான் அங்கே இருப்பதே தெரியவில்லை. மூன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நாலு, ஐந்து. எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, அதுவாக எண்ணுகிறது, உள்ளே ஒருத்தி உட்கார்ந்து எண்ணுகிறாள். ஆறு. ஓஹோ, பயத்தில் இப்படித்தான் எண்ணிக்கை வருமா. ஏழு. எனக்கு முன்னால் மழை இல்லை, லாரி இல்லை, பின் சீட்டில் யாரும் இல்லை, கார் நிற்கிறது, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறார்கள், ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எட்டு. ஒன்பது. கையை எடுத்துவிட்டேன். என்ன ஆச்சு என்று மைக் கேட்கிறது, நான் பதில் சொல்வதற்குள் என் வலது கை தானாக மேலே போனது. பிளாஸ்திரி விரலை மடக்கிக்கொண்டு நடுவிரல் கழுத்துக்குப் போய்ப் பின்பக்கம் இருக்கிற வியர்வையைத் துடைத்துக்கொண்டது, வந்து ஸ்கிரீனில் நேராகக் குத்தாமல் பக்கவாட்டில் படுத்தது, ஒரு மூச்சு நேரம் அழுத்தி நின்றது. வைப்பர் எழுந்து காய்ந்த கண்ணாடியில் கரக் கரக்கென்று ஓடியது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய கை இது, இதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இஸ்திரிப்பெட்டி காய்ந்ததா என்று விரலை நனைத்துத் தொட்டுப் பார்க்கிற கைதானே. சுடுகிற பொருளை வெறும் விரலால் தொடக் கூடாது என்று எட்டு வயசிலிருந்து பழகிய கை. வந்த முதல் வாரத்தில் சுட்டிருக்கும், உடனே கழுத்துக்குப் போயிருக்கும், ஈரத்தோடு தொட்டால் சுடவில்லை, படுக்க வைத்துத் தொட்டால் இன்னும் சுடவில்லை, ஸ்கிரீனும் கேட்டது, அவ்வளவுதான், மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை கழுத்துக்கும் ஸ்கிரீனுக்குமாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியாது, பாவம் வியர்க்கிறது துடைத்துக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். இடது கைக்கு அந்தப் பழக்கம் இல்லை, அது எல்லோருடைய கையும் போல உலர்ந்து நேராகத் தொட்டது. இடது விரலைக் கழுத்தில் நனைத்து, படுக்க வைத்து அழுத்தினேன், வைப்பர் நின்றது. சட்டைத் துணியில் துடைத்துவிட்டு நேராகத் தொட்டேன், ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை, ஒன்றும் இல்லை. காரை விற்கும்போது கழுத்து வியர்வையில் விரலைத் தொட்டுக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லித் தருவதில்லையே. ஏசி காற்றில் உட்கார்ந்திருக்கிற டிரைவருக்கு வியர்வைக்கு எங்கே போவது? பதினாறு வருஷம் ஸ்டியரிங் தேய்த்துக் காய்ப்பேறின விரல் அவருக்கு. உங்களுக்குத் தொடத் தெரியல என்றேனே, பாவி. மனசு விட்டு அழுதிருப்பேன், அந்தச் சூட்டில் கண்ணில் தண்ணீர் வருகிறதா வியர்வையா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

“வைப்பர் ஓடிச்சே அஞ்சலாட்சி, சரின்னு போட்டுடவா?” என்றது மைக். ஓடியதுதான். பார்த்தார்தான். ஒரு சரி, இரண்டெழுத்து, ஆயிரக்கணக்கில் சொல்லியிருக்கிறேன், நாக்கு அதற்கும் பழகித்தான் கிடக்கிறது, இதோ நுனிக்கு வந்துவிட்டது. சொல்லிவிட்டால் வெளியே போய் மோர் குடிக்கலாம், மாதக் கடைசியில் பேட்ஜ் புதுசாகும், கைராசி கைராசியாகவே இருக்கும், பழைய தாளெல்லாம் பீரோவில் நிம்மதியாகக் கிடக்கும். வீட்டில் அவர் இடது கையால் இரண்டாவது வெங்காயத்தை உரித்துக்கொண்டிருப்பார். எத்தனை நாளைக்கு என்னைப் பார்க்காமல் உரிப்பார், நான் எத்தனை நாளைக்குப் பேசாமல் பஸ் பிடிப்பேன். களைப்பு. இரண்டு பக்கமும் களைப்புதான், ஒரு பக்கத்துக் களைப்பில் மட்டும் இரவில் தூக்கம் வரும் என்று தோன்றியது.

“இல்லைன்னு போடுங்க சார்” என்றேன். ஓடியதே என்றார் மறுபடி. அது ஓடவில்லை, நான் ஓட்டினேன், உள்ளே வந்து நீங்களே தொட்டுப் பாருங்கள் என்றேன். மூன்று வருஷத்தில் அவர் விளக்கெரியும்போது அந்த அறைக்குள் வந்ததில்லை. வந்தார். இஸ்திரி கலையாத சட்டையோடு கதவருகில் குனிந்து, குளிரறையில் காய்ந்த விரலால் நேராகத் தொட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. ஸ்ஸ் என்று கையை உதறிக்கொண்டார். நாலாவது தடவை தொடவில்லை. நான் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினேன், படுக்க வைத்து அழுத்திக் காட்டினேன், கரக் கரக்கென்று ஓடியது. அவர் சட்டை அதற்குள் முதுகோடு ஒட்டிவிட்டது. கொஞ்ச நேரம் அந்த வைப்பரையே பார்த்தார், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது, அவருக்கும் சொல்ல வேண்டிய பதில் இருக்கிறது, முகத்தில் தெரிந்தது. பழைய தாளெல்லாம் என்று ஆரம்பித்தார். எல்லாவற்றிலும் என் கையெழுத்துதான் சார் என்றேன். யோசித்து எழுதுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார், அது மிரட்டலா அக்கறையா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. இருபது நிமிஷம் முடிந்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. குறிப்பு என்கிற கட்டத்தில் இதுவரைக்கும் நான் எதுவும் எழுதியதில்லை. உலர்ந்த விரலால் நேராகத் தொட்டால் வைப்பர் கேட்கவில்லை, தொடர்ந்து ஒன்பது முறை. வியர்வை ஈரத்தோடு விரலைப் படுக்க வைத்து அழுத்தினால் மட்டும் கேட்கிறது. இதற்கு முன் நான் எழுதிய சரி எல்லாம் அப்படித் தொட்டு எழுதியவை. கீழே ‘அ’ போட்டேன், வால் கட்டத்தைத் தாண்டிப் போனது, பக்கத்திலேயே மீதிப் பெயரையும் எழுதினேன், இடம் போதாமல் ஓரத்தில் மடங்கி இறங்கியது. இன்னொரு தாளில் அதையே எழுதி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன், வியாழக்கிழமைக்கு. ஒரு தாளை மடித்து எடுத்துப்போவது குற்றமென்றால் அதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

லாக்கரில் இருந்து போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். இந்த நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை, பயந்துபோய் இன்னா ஆச்சு, விரல்ல ரத்தம் நிக்கலியா என்றார். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். பின்னால் குக்கர் முனகுகிற சத்தம் கேட்டது.

“அன்னிக்கு மழையில எத்தினி வாட்டி தொட்டீங்க?”

“இப்ப எதுக்கு அது?” என்றார்.

“சொல்லுங்க.”

“பதினொண்ணு. அன்னிக்கே சொன்னேனே.”

சொன்னார்தான். ஆஸ்பத்திரியில் சொன்னார், விசாரணையில் சொன்னார், இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை. அந்தத் தாளில் சரி என்று போட்ட யாரோ நான்தான், என்னை மன்னிச்சிடுங்க, வியாழக்கிழமை நானும் உங்ககூட வரேன் என்று எத்தனையோ வரிசையாக நினைத்து வைத்திருந்தேன், ஒன்றும் அந்த வரிசையில் வரவில்லை.

“நான் ஒம்போதுலயே விட்டுட்டேன்” என்றேன்.

குக்கர் விசில் அடித்தது. அவர் அடுப்பை அணைக்கப் போகவில்லை. இரண்டாவது விசிலும் அடித்து ஓய்ந்த பிறகு பேசினார்.

“கை சுட்டுச்சா?”

மூன்று வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தாளில் அதற்குக் கட்டமும் கிடையாது.

“சுட்டுச்சுங்க” என்றேன்.